பதினேழாம் எண் பேச்சாளர்

14.3.2012 — 24 — 150
12.9.2012 — 25 — 150
13.3.2013 — 24 — 150
11.9.2013 — 24 — 150
12.3.2014 — 24 — 150
10.9.2014 — 24 — 150
11.3.2015 — 23 — 150
9.9.2015 — 22 — 150
9.3.2016 — 21 — 300
15.6.2016 — 20 — 300
14.9.2016 — 18 — 300
14.12.2016 — 17 — 300
15.3.2017 — 15 — 500
14.6.2017 — 13 — 500

முதலில் இருப்பது ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன நாள். கடைசியில் இருப்பது போக்குவரத்துச் செலவுக்கென்று அங்கே கொடுத்த பணம். நடுவில் இருப்பது, ஒரு மனிதர் ஒரே மூச்சில் பத்து விநாடிக்குள் ‘பா-தா-கா’ என்று எத்தனை முறை சொன்னார் என்கிற கணக்கு. நாளும் பணமும் அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த சீட்டுகளில் உள்ளவை. நடு எண்ணை ஐந்து ஆண்டு எட்டு மாதம் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் தொழில் ஏலம் கூறுவது. மூடிய கடைகளின் தட்டுமுட்டுச் சாமான், அலுவலகங்கள் கழித்துக்கட்டிய மேசை நாற்காலி, வீடு காலிசெய்கிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் அலமாரி, தையல் இயந்திரம், மின்விசிறி எல்லாம் வந்து சேரும் ஒரு தகரக்கூரைக் கூடம். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு ஏலம். பத்தொன்பது வயதில் சாமான் தூக்கும் வேலைக்கு அங்கே சேர்ந்தார். இருபத்தாறாம் வயதில் ஒரு வெள்ளிக்கிழமை, அப்போது ஏலம் கூறிக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கூடத்து முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு பீரோவின் அடிமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவரைக் கூப்பிட்டு, “எப்பப் பார்த்தாலும் வாய் ஓயாமப் பேசிக்கிட்டுத்தானே இருக்கே, அதை மேல ஏறி நின்னு பேசு” என்றார். அன்று அறுபத்திரண்டு சாமான் ஒன்றேகால் மணி நேரத்தில் விலைபோயின. அதற்குப் பிறகு அவர் பீரோ தூக்கவில்லை.

விலை ஏற ஏற அவர் நாக்கு ஓடும். ஆனால் ஓர் எழுத்தும் நசுங்காது. கடைசி வரிசையில் காது மந்தமானவர் உட்கார்ந்திருந்தாலும் தொகை தெளிவாகப் போய்ச் சேரும். ‘ஒருதரம், ரெண்டுதரம்’ வரை ஓடிவந்து, ‘மூணுதரம்’ என்பதை மட்டும் தனியாக நிறுத்தி, மேசைமேல் ஒரு பொருளை வைக்கிற மாதிரி வைப்பார். கூடத்தில் அவர் பெயரே மூணுதரம் ஆகிவிட்டது. தபால்காரர்கூட “மூணுதரத்துக்கு ஒரு கடுதாசி” என்றுதான் கூப்பிடுவார்.

மனைவி, திவாலான ஒரு துணிக்கடைக்காரரின் மகள். அந்தக் கடையின் சாமானை ஏலம் கூறியவர் இவர்தான். எதிர்பார்த்ததைவிட நல்ல விலை வந்தது. நன்றி சொல்ல வந்த கடைக்காரரிடம், போகிற போக்கில் பெண் கேட்டுவிட்டார். அந்த அம்மா பிற்காலத்தில் யாரிடம் பேசினாலும் இதைச் சொல்வார்: “எங்கப்பா கடையில இருந்ததெல்லாம் இவர்தான் வித்துக் குடுத்தார். விலைபோகாம மிஞ்சினது நானும் என் தம்பியும். ரெண்டு பேரையும் இவரே எடுத்துக்கிட்டார்.” அந்தத் தம்பி கூடத்தில் ரசீது எழுத உட்கார்ந்தார். மாமா மேடைமேல் நிற்பார், மைத்துனர் மேடைக்குக் கீழே சின்ன மேசையில். காதில் ஓர் எண் விழுந்தால் கை தானாக எழுதிவிடும் அளவுக்கு அவர் தேறியிருந்தார். அவருக்கும் கூடத்தில் ரசீது என்றே பெயர்.

2011 டிசம்பரில் ஒரு பல் வைத்தியர் தொழிலை விட்டுவிட்டதால், அவருடைய சாய்வு நாற்காலி ஏலத்துக்கு வந்தது. அதைக் கேட்க ஒரு பெண் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி, தோளில் துணிப்பை. ஏலம் அவருக்குப் புதிது. தன் விலைக்கு மேலே தானே கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். இவர் நிறுத்திவிட்டார்.

“அம்மா, உங்க விலைக்கு மேல நீங்களே கேக்குறீங்க. கூடத்துக்கு லாபம்தான். ஆனா பார்க்கப் பாவமா இருக்கு.”

கூடமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார். நாற்காலி அவருக்கே போயிற்று. ரசீது வாங்கும்போது மேடைக்குக் கீழே காத்திருந்து, “அண்ணா, நீங்க இவ்வளவு வேகமாப் பேசியும் எப்படி ஒரு எழுத்துகூட வழுக்கல? நான் அதைத்தான் ஆராய்ச்சி பண்றேன்” என்றார்.

பேசும்போது உதடு, நாக்கு, தாடை, மூச்சு நான்கும் எப்படி ஒன்றுக்கொன்று நேரம் தவறாமல் நகர்கின்றன என்பதை அளக்கும் கூடம் அவருடையது. திக்குகிறவர்கள், பக்கவாதம் வந்து பேச்சுக் குழறியவர்கள், நரம்பு நலிந்தவர்கள் எல்லாரும் அங்கே வருவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, குறையில்லாமல் பேசும் இருபது பேர் தேவைப்பட்டார்கள். “ஓடாத கடிகாரத்தைப் புரிஞ்சுக்கணும்னா, சரியா ஓடுற கடிகாரம் ஒண்ணு பக்கத்துல இருக்கணும் அண்ணா” என்றார். அந்தச் சொல் இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், “நான் சரியா ஓடுற கடிகாரமாம்” என்றார். “அதான் பார்க்கிறேனே, சாவி குடுக்காமலே ஓடுது” என்றார் மனைவி.

ஒன்பது பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். பக்கத்துக்கு ஒன்று. படிக்கவில்லை. அவருக்குக் கிடைத்த எண் பதினேழு.

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே கேட்கும். தானே ஏலம் கூறிய நாற்காலியில் தானே சாய்ந்துகொள்வார். டாக்டரம்மா (எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்) நாக்கைத் துணியால் துடைத்து உலர்த்தி, துவரம்பருப்பு அளவில் மூன்று பொத்தான்களைப் பசை வைத்து ஒட்டுவார். நுனியில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. மெல்லிய கம்பிகள் வாயோரமாக இறங்கும். பிறகு ஒரு படகோட்டியின் கதையைப் படிக்க வேண்டும். பிறகு நாற்பது வாக்கியம். கடைசியில் ‘பா-தா-கா’. பா உதட்டுக்கு, தா நாக்கு நுனிக்கு, கா நாக்கின் அடிக்கு. ஒரே மூச்சில், முடிந்த மட்டும் வேகமாக.

“ஆரம்ப விலை என்ன டாக்டரம்மா?” என்பார் ஒவ்வொரு முறையும்.

“நீங்க சொல்றதுதான் விலை அண்ணா.”

எண்ணிக்கை எவ்வளவு என்று முதல் நாளே கேட்டார். “அது சொல்லக் கூடாது. சொன்னா அடுத்த தடவை அதை மிஞ்சப் பார்ப்பீங்க” என்றார் டாக்டரம்மா. அது நியாயம்தான் என்று இவருக்கும் பட்டது. மிஞ்சத்தான் பார்த்திருப்பார்.

நாளாக ஆக, அது வீட்டுப் பழக்கமாயிற்று. அந்தப் பக்கம் வந்தால் டாக்டரம்மா வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல் போகமாட்டார். மனைவியை அண்ணி என்றார். 2014இல் டாக்டரம்மாவின் தாய்க்கு இடுப்பில் அறுவை நடந்தபோது, ஆஸ்பத்திரியில் இரண்டு பகல் துணைக்கு உட்கார்ந்தவர் இந்த அண்ணிதான்.

2015 ஆகஸ்டில் ஏலக்காரர் பல்செட் வைத்தார். அடுத்த சில மாதங்களில் பேச்சில் ஏதோ சரியில்லை என்று அவருக்கே பட்டது. ‘தரம்’ என்பதில் ‘ர’ வழுக்கியது. நீளமான தொகைகள் நடுவில் மூச்சு வாங்கின. பல்செட்டைக் குற்றம் சொன்னார். திருப்பிக் கொண்டுபோய் ராவிக்கொண்டு வந்தார். 2016 மே மாதம் புதிதாக ஒன்று செய்தார், நவம்பரில் மூன்றாவது.

வழக்கமாக வருகிற வியாபாரிகள் வாயைச் சும்மா வைத்திருப்பார்களா?

“என்ன மூணுதரம், காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்தாச்சா?”

“விடுய்யா, ரெண்டுதரம் ஊத்தினார். மூணாந்தரம் பாக்கி இருக்கு.”

வாழ்நாளில் குடித்தறியாதவர். முதலில் சிரித்துச் சமாளித்தார். ஒரு நாள் எண்ணூற்று அறுபதை ஒருவர் எழுநூற்று அறுபது என்று கேட்டுவிட்டு, பணம் கட்டும்போது தகராறு செய்தார். ஏலம் கேட்பவருக்குத் தொகை விளங்கவில்லை என்றால் அங்கே அது பெரிய குற்றம். 2017 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை, முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “கொஞ்ச நாள் கீழ நின்னு சாமானைப் பார்த்துக்குங்க” என்றார். முப்பத்தேழு ஆண்டு நின்ற மேடை.

மனைவி அதற்கு முன்பே சொல்லிப் பார்த்துவிட்டார். “பல்லை விடுங்க. நல்ல டாக்டரா ஒருத்தர்கிட்டக் காட்டுங்க.”

“டாக்டரம்மா பார்த்துக்கிட்டுத்தானே இருக்காங்க? மூணு மாசத்துக்கு ஒருதரம் நாக்குல கம்பியே போட்டுப் பார்க்கிறாங்க. அதைவிட எந்த டாக்டர் பார்ப்பார்? ஏதாவது இருந்தா சொல்ல மாட்டாங்களா?”

முன்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னவர்கள் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். கொடுக்கிற பணத்தையும் இரண்டு மடங்காக்கினார்கள். தன்மேல் அக்கறை கூடியிருக்கிறது என்றே அவர் எடுத்துக்கொண்டார். பல்செட் படுத்துகிற பாட்டை டாக்டரம்மாவிடமே சொன்னார். “ஆமா அண்ணா, பல்செட் சரியா உட்காரலேன்னா பேச்சு கஷ்டம்தான்” என்று சொல்லி, நாக்கைத் துடைத்துப் பொத்தானை ஒட்டினார் டாக்டரம்மா. மூன்றாவது பல்செட் அந்த வார்த்தையை நம்பிச் செய்தது.

2017 நவம்பரில் ஓர் அழைப்பிதழ் வந்தது. ஆராய்ச்சிக்கூடத்தின் ஆண்டு விழா. ‘எங்கள் பணிக்கு உறுதுணையாக நின்ற உங்களை’ என்று அச்சிட்டிருந்தது. பிறகு தெரிந்த விவரம் இது: நன்கொடையாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் மட்டும் அனுப்ப வேண்டியதை, அலுவலகத்தில் ஒருவர் முகவரிப் பட்டியல் முழுவதற்கும் அனுப்பிவிட்டார். பங்கேற்றவர்களின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் எண் போட்டு மறைக்கிற இடத்தில், உறைமேல் முகவரி ஒட்டுகிறவரிடம் அதை யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 18, சனிக்கிழமை. ஏலக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மனைவியும் மைத்துனரும் கூடப் போனார்கள். மேடைக்குக் கூப்பிட்டு ஏதாவது கொடுப்பார்களோ என்று மனைவிக்கு ஓர் எண்ணம். எட்டாவது வரிசையில் இடம் கிடைத்தது.

டாக்டரம்மா பேச எழுந்தார். திரையில் இருபது கோடுகள். பத்தொன்பது கோடு கயிறு கட்டினாற்போல நேராகப் போயின. ஒன்று மட்டும் நடுவில் வளைந்து கீழே இறங்கியது.

“பதினேழாம் எண் பேச்சாளர். ஆரோக்கியமானவராகத்தான் ஆய்வில் சேர்ந்தார். நாக்கை இயக்கும் நரம்புகள் நலிகிற நோய், வெளியே தெரிவதற்கு ஓராண்டு முன்பே அவருடைய பேச்சு வேகத்தில் தெரிய ஆரம்பித்துவிட்டது. நோய்க்கு முன்னாலிருந்து இப்படித் தொடர்ச்சியான பதிவு வேறு எங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. இவர் எங்களுக்குக் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம்.”

ஒரு பொத்தானை அழுத்தினார். ஒலிபெருக்கியில் முதல் பதிவு ஓடிற்று. பா-தா-கா பா-தா-கா பா-தா-கா. துணி கிழிகிற வேகம். அடுத்து கடைசிப் பதிவு. அது சேற்றில் நடந்தது.

மனைவி திரையைப் பார்க்கவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்தார். அவர் முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். அரங்கம் கைதட்டிற்று. மைத்துனர் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கோட்டின் ஒவ்வொரு புள்ளிமேலும் ஓர் எண் இருந்தது. பதினான்கு எண்களையும் அழைப்பிதழின் பின்பக்கம் வரிசையாக எழுதிவிட்டார். ஏன் எழுதினீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, “எனக்கே தெரியாது. எண்ணைக் கண்டா எழுதிடுவேன்” என்றார்.

தேநீர் மேசையருகே டாக்டரம்மாவைப் பிடித்தார்கள். கையிலிருந்த கோப்பையை அவர் கீழே வைத்தார்.

“அண்ணா, நீங்க எப்படி இங்க?”

ஏலக்காரர் அழைப்பிதழைக் காட்டினார். வார்த்தைகள் மெதுவாகத்தான் வந்தன. “பல்செட்டுன்னு சொன்னேனேம்மா. நீங்களும் ஆமான்னு சொன்னீங்க.”

“விதிமுறை அண்ணா. ஒப்பீட்டுக்கு வர்றவங்ககிட்ட முடிவைச் சொல்லக் கூடாது. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல ஏழாவது பத்தியில இருக்கு.”

“நம்பர் சொல்ல வேண்டாம் டாக்டரம்மா” என்றார் மனைவி. “ஒரு நல்ல டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு ஒரு வார்த்தை. அது எந்தப் பத்தியில கூடாதுன்னு இருக்கு?”

“நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்ல அண்ணி. ஆராய்ச்சி டாக்டர். நோய்னு சொல்ற அதிகாரம் எனக்குக் கிடையாது.”

“இப்ப மேடையில நின்னு சொன்னீங்களே” என்றார் மைத்துனர்.

யாரோ டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார்.

நரம்பு வைத்தியர் டிசம்பர் 5ஆம் தேதி நோயை உறுதிசெய்தார். குணப்படுத்தும் மருந்து இல்லை. மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒரு வழியாகத்தான் போகும். பேச்சுப் பயிற்சியாளரான ஓர் அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா ஒரு கருவியைக் காட்டினார். எழுதினால் பேசும். குரல் தெளிவாக இருக்கும் காலத்தில் மூன்று மணி நேரம் வாக்கியங்களைப் படித்துப் பதிந்து வைத்துக்கொண்டால், கருவி அந்த ஆளின் குரலிலேயே பேசும்.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா நாமே பதிஞ்சிருக்கலாம்” என்றார் பயிற்சியாளர். “பழைய பதிவு ஏதாவது இருக்கா?”

மைத்துனர் தேடினார். மூன்று கைப்பேசிகள், ஒரு கல்யாண வீடியோ. எல்லாம் சேர்த்து, இரைச்சல் இல்லாமல் கேட்டது நாற்பத்தோரு விநாடி. அதிலும் பாதி “சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சா” என்பதுதான்.

அப்போது ஏலக்காரரின் முகம் தெளிந்தது. ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார்: ‘ஆராய்ச்சிக்கூடத்தில் என் குரல் ஒன்பது மணி நேரம் இருக்கிறது.’ பதினான்கு முறை, முறைக்கு நாற்பது நிமிடம். படகோட்டி கதை, நாற்பது வாக்கியம். பஞ்சு ஒட்டிய அறையில் பதிந்தது. முதல் ஏழெட்டுப் பதிவில் ஓர் எழுத்தும் வழுக்கவில்லை. மூன்று மணி நேரம் என்ன, அதற்கு மேலேயே தேறும்.

இதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆசை. மேடை திரும்ப வராது என்று தெரியும். மனைவி பழக்கிப் பார்ப்பதற்காக வாங்கி வந்த கருவியில் ஒரு பெண் குரல்தான் இருந்தது. ஏலக்காரர் அதில் முதன்முதலில் எழுதியது ‘காப்பியில் சர்க்கரை இல்லை’ என்று. அந்தப் பெண் அதை நீட்டி முழக்கிச் சொன்னாள். மனைவி கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

“இதோ பாருங்க, இவ வாயால நீங்க என்னைக் குறை சொன்னா நான் சர்க்கரை போட மாட்டேன். உங்க குரல்ல திட்டுங்க, போடுறேன்.”

2018 ஜனவரி 22 அன்று ஆராய்ச்சிக்கூடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். என் குரலின் பதிவுகளுக்கு ஒரு நகல் வேண்டும், வேறெதுவும் வேண்டாம். பிப்ரவரி 2இல் போய்ச் சேர்ந்ததாக அஞ்சல் அட்டை திரும்பி வந்தது. பிப்ரவரி 19இல் முதல் கடிதம்: விண்ணப்பம் கிடைத்தது, குழுவின் பரிசீலனைக்கு வைக்கப்படும். ஜூன் 11இல் இரண்டாவது: ஆய்வு நிறைவடைந்ததால் பெயர்களையும் எண்களையும் இணைக்கும் பட்டியல் மார்ச் 31 அன்று முதன்மை ஆய்வாளரின் உத்தரவுப்படி அழிக்கப்பட்டுவிட்டது. ஆகவே, விண்ணப்பதாரர்தான் பதினேழாம் எண் பேச்சாளர் என்று காட்ட ஆவணம் எதுவும் இல்லை. வேறொருவரின் குரலை அவரிடம் கொடுக்க இயலாது.

மைத்துனர் விரல் விட்டு எண்ணினார். “நம்ம விண்ணப்பம் போய்ச் சேர்ந்து ஐம்பத்தேழாவது நாள் டாக்டரம்மா உத்தரவு போட்டு அழிச்சிருக்காங்க அக்கா.”

“விதிமுறையா இருக்கும்டா” என்றார் அக்கா.

இருந்த சாட்சியத்தைத் திரட்டினார்கள். போக்குவரத்துச் செலவுக்குக் கொடுத்த சீட்டுகளில் பதினான்கு தேதி, அழைப்பிதழின் பின்னால் பதினான்கு எண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மைத்துனர் எழுதிய தாள்தான் தொடக்கத்தில் இருப்பது. அதை இணைத்து ஜூன் 25இல் அனுப்பினார்கள். அக்டோபர் 8இல் மூன்றாவது கடிதம்: அதே நாட்களில் வேறு சிலரும் பதிவுக்கு வந்திருக்கிறார்கள். சீட்டு வருகையைக் காட்டுமே தவிர, எண்ணைக் காட்டாது. விண்ணப்பதாரர் நேரில் வந்து குரல் மாதிரி கொடுத்தால், பதினேழாம் எண் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

“மாமா குரல் போயிடுச்சுன்னுதானே பழைய குரலைக் கேக்கிறோம்” என்றார் மைத்துனர். “வந்து குரலைக் காட்டுன்னா எதைக் காட்டுறது?”

ஏலக்காரர் தாளில் எழுதினார்: ‘போகலாம். கூப்பிட்டிருக்கிறார்கள்.’

நவம்பர் 7, புதன்கிழமை. அதே அறை, அதே நாற்காலி. நாக்கைத் துடைத்தது வேறொருவர், டாக்டரம்மா இல்லை. படகோட்டி கதையில் ஒரு வாக்கியம் முடிய ஒன்றரை நிமிடம் ஆயிற்று. பா-தா-கா ஐந்து முறை. இந்த எண்ணை அந்தப் புது ஆள் கேட்டவுடனே சொல்லிவிட்டார். விதிமுறை அவருக்கு இன்னும் பழகவில்லை போலும்.

டிசம்பர் 15 அன்று டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். கையில் பழப்பை. ஓராண்டுக்கு மேல் அந்தப் பக்கம் வராதவர். மைத்துனர் எழுந்து வாசற்பக்கம் போய் நின்றுகொண்டார். மனைவி தேநீர் போட்டார்.

“என்மேல கோவம் இருக்கும் அண்ணி.”

“இருக்கு. உட்காருங்க.”

டாக்டரம்மாவின் கண் கலங்கிற்று. ஏலக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, குழு என்னைக் கேட்பாங்க. நீங்கதான் பதினேழுன்னு நான் ஒரு வரி எழுதினாப் போதும், குடுத்துடுவாங்க. எழுதித் தரேன். கொஞ்ச நாள் பொறுங்க” என்றார். ஏலக்காரர் தலையாட்டினார். தாளை எடுத்து, ‘உங்கள் அம்மா நடக்கிறார்களா?’ என்று எழுதிக் கேட்டார். நடக்கிறார், மாடிப்படிகூட ஏறுகிறார் என்றார் டாக்டரம்மா.

அவர் போன பிறகு மைத்துனர் உள்ளே வந்தார்.

“எழுத மாட்டாங்க மாமா. உங்களைத் தெரியும்னு எழுதினா, தெரிஞ்சும் ஏன் ரெண்டரை வருஷம் சொல்லலைன்னு அடுத்த கேள்வி வரும். யார் யாருன்னே தெரியாம அளந்தோம்னு சொன்னாத்தான் அவங்களுக்கு நல்லது.”

“சும்மா இருடா” என்றார் அக்கா. “அவங்க அம்மா பக்கத்துல ரெண்டு நாள் உட்கார்ந்தவ நான். கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போறாங்க.”

ஏலக்காரர் எழுதியது ஒரே சொல்: ‘எழுதுவார்.’

ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. பயிற்சியாளரிடம் சொல்லி, கருவியில் குரலை மாற்றும் வேலைக்கு இடம் பதிந்து வைத்தார்கள். அந்த இடம் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. ஏலக்காரரால் இப்போது திரவமாகத்தான் உண்ண முடிந்தது. கை நன்றாக இருந்தது. தபால்காரர் வரும் பதினொன்றரைக்கு வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார். அந்தக் கருவியில் எழுதிப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டார். தன் குரல் வரட்டும் என்று வீட்டில் சைகையாலும் தாளாலும் ஓட்டினார். மனைவி ஒரு பட்டியலே வைத்திருந்தார், குரல் வந்ததும் முதலில் என்னென்ன சொல்லச் சொல்ல வேண்டும் என்று. தன் பெயரைக் கூப்பிடுவது அதில் முதலாவது. முப்பத்தைந்து ஆண்டில் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மொத்தம் மூன்று முறை என்று அந்த அம்மாவுக்குக் கணக்கு இருந்தது.

நான்காவது கடிதம் ஒரே பக்கம். மைத்துனர் நின்றபடி படித்தார். நவம்பர் 7 அன்று பெற்ற மாதிரி, பதினேழாம் எண் பதிவுகளோடு ஒப்பிடப்பட்டது. வேகம், உச்சரிப்பு, குரல் நிலை எதிலும் பொருத்தம் காணப்படவில்லை. மேலும், முதன்மை ஆய்வாளரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டது. ஆய்வில் பங்கேற்ற எவரையும் தமக்குத் தனிப்பட்ட முறையில் தெரியாது என்றும், விண்ணப்பதாரரைத் தாம் சந்தித்ததாக நினைவில்லை என்றும், ஆகவே அடையாளம் காட்ட இயலாது என்றும் அவர் பதிலளித்துள்ளார். விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது.

மனைவி, “இன்னொருதரம் படி” என்றார். மைத்துனர் படித்தார். ‘சந்தித்ததாக நினைவில்லை’ என்ற இடத்தில் ஏலக்காரர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தார். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அது டாக்டரம்மாவினுடையது இல்லை, செயலாளருடையது. மடித்து மனைவியிடம் கொடுத்துவிட்டு, எழுந்து போய் வாசற்கதவைச் சாத்தினார்.

அந்தக் கடிதம் வந்த நாள் 2019 மே 9, வியாழக்கிழமை.